கிருமி செத்த பிறகும் பிபி ஏன் விழுந்தது?

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"என் அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரை நோய் உண்டு. சிறுநீர்த் தொற்றாக ஆரம்பித்தது ரத்தத்தில் பரவி, பரிசோதனையில் ஈ.கோலை என்று வந்தது. ஆன்டிபயாட்டிக் ஏற்றிய சில மணி நேரத்தில் குளிர் நடுக்கம் வந்து பிபி இறங்கிவிட்டது; ஐசியூவுக்கு மாற்றினார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார், ஆனால் சோர்வு போகவில்லை. 'கிருமியைவிட, அதற்கு உடம்பு காட்டிய எதிர்வினைதான் ஆபத்தாகிவிட்டது. எல்லாம் செல்களின் மேலே இருக்கும் ரிசெப்டர்கள் செய்கிற வேலை' என்றார் மருத்துவர். எனக்குப் புரியவில்லை. நச்சுதானே கொல்கிறது? அம்மாவுக்கு எதிர்ப்பு சக்தி கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா? எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மாத்திரை கொடுக்கலாமா? ரிசெப்டர்தான் காரணம் என்றால் அதை அடைத்துவிட மருந்து இல்லையா? எனக்கும் இப்படி வருமா?"

அன்புள்ள வாசகிக்கு,

அம்மா வீடு திரும்பியதில் மகிழ்ச்சி. உங்கள் மருத்துவர் சொன்னது சரிதான். ஆனால் ஐசியூ வாசலில் வைத்து இரண்டு வரியில் சொன்னால் யாருக்கும் புரியாது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மாத்திரை விஷயத்துக்கு மட்டும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள் லட்சக்கணக்கில் பதிந்திருக்கிறது. 1892-இல் ரிச்சர்டு ஃபைஃபர் காலரா கிருமியை ஆராய்ந்தபோது, சூடாக்கிக் கொன்ற கிருமியும் விலங்குகளைக் கொல்வதைக் கண்டார். கிருமியின் உடலோடு ஒட்டியிருந்த அந்த நச்சுக்கு எண்டோடாக்சின் என்று பெயர் வைத்தார். பின்னாளில் அது இந்த லிப்போபாலிசாக்கரைடுதான் என்று தெரிந்தது. கிருமி உயிரோடு இருக்கும்போது இது சிறிதளவே உதிரும். உடைந்து சாகும்போது நிறைய வெளியே வரும். அம்மாவுக்கு மருந்து ஏறிய பிறகு நடுக்கம் வந்ததற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நோயே அந்த நேரத்தில் முற்றிக்கொண்டிருந்தது என்றும் இருக்கலாம். படுக்கையருகே நின்று இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. மருந்து கொடுத்ததே தவறோ என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தில் லேசாகத் தெரிகிறது. தவறே இல்லை. தாமதித்திருந்தால் கிருமி இன்னும் பெருகியிருக்கும், நச்சின் மொத்த அளவும் கூடியிருக்கும்.

சரி, நச்சுதானே கொல்கிறது? இந்தக் கேள்விக்கு ஒரு எலி வகை மிகத் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறது.

சயனைடு நேராகச் செல்லுக்குள் புகுந்து அதன் சுவாசத்தை நிறுத்துகிறது. எண்டோடாக்சின் அப்படி எதையும் செய்வதில்லை. சி3எச்/எச்இஜே என்றொரு ஆய்வுக்கூட எலி வகை உண்டு. மற்ற எலிகளைக் கொல்லும் அளவு எண்டோடாக்சினைச் செலுத்தினாலும் இது அசையாது. அதே ஈரல், அதே இதயம், அதே ரத்தக்குழாய்கள். நச்சும் அதே நச்சு. இந்த எலிகளின் எலும்பு மஜ்ஜையை அழித்துவிட்டு, சாதாரண எலியின் மஜ்ஜையை வைத்தால் நிலைமை மாறிவிடுகிறது: எண்டோடாக்சினுக்கு அவையும் மற்ற எலிகளைப் போலவே பாதிக்கப்படுகின்றன. அப்படியென்றால் நச்சின் விளைவைத் தீர்மானிப்பது மஜ்ஜையில் பிறக்கும் நோயெதிர்ப்புச் செல்கள். அந்தச் செல்களில் எது வித்தியாசம் என்பதை 1998-இல் புரூஸ் பாய்ட்லரின் குழு கண்டுபிடித்தது. டிஎல்ஆர்-4 என்ற ஒரே ஒரு ஏற்பியில் (உங்கள் மருத்துவர் சொன்ன 'ரிசெப்டர்' இதுபோன்றதுதான்), 712-ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதிலாக ஹிஸ்டிடின். ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் ஏற்பி செயலிழந்துவிட்டது. பழ ஈக்களில் இதற்கு உறவான டோல் ஏற்பி பூஞ்சையை எதிர்க்கத் தேவை என்று ஜூல்ஸ் ஹோஃப்மனின் குழு 1996-இலேயே காட்டியிருந்தது. இருவருக்கும் 2011-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்த எலியின் கதை இதோடு முடிந்திருந்தால் உங்கள் 'அடைத்துவிடும் மருந்து' யோசனைக்கு மறுபேச்சே இருக்காது. ஆனால் எண்டோடாக்சினால் சாகாத அதே எலி, உயிருள்ள சால்மோனெல்லா கிருமிகள் கொஞ்சம் உள்ளே போனால் செத்துவிடும். கிருமி வந்திருக்கிறது என்பதே அதற்குத் தெரிவதில்லை. தெரிந்து சண்டைக்குத் தயாராவதற்குள் கிருமி பெருகிவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்வும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. 1993-இல் வெளியானது. ஆய்வகத்தில் பணிபுரிந்த ஒருவர் தன் கட்டிக்கு மருந்தாகும் என்று நம்பி, சால்மோனெல்லாவின் எண்டோடாக்சினை 1 மில்லிகிராம் தனக்குத்தானே ரத்தக்குழாயில் ஏற்றிக்கொண்டார். உயிருள்ள கிருமி ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஆனாலும் ரத்த அழுத்தம் விழுந்தது, உறுப்புகள் தடுமாறின, தீவிர சிகிச்சை தேவைப்பட்டது. பிழைத்துக்கொண்டார். எலிகளை வைத்து, எடைக்கு எடை கணக்கிட்டுப் பார்த்தால் 1 மில்லிகிராம் பெரிய அளவே இல்லை. மனிதச் செல்கள் இந்த நச்சை எலியைவிடப் பல மடங்கு கூர்மையாக உணர்கின்றன. செப்சிஸ் என்பது அம்மாவுக்கு வந்ததுபோல, தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கும் நிலை. எலியில் ஜெயித்த செப்சிஸ் மருந்துகள் மனிதரிடம் வரிசையாகத் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இப்போது செல்லின் மேற்பரப்புக்கு வருவோம். ரத்தத்தில் எண்டோடாக்சின் வந்ததும், ஈரல் சுரக்கும் ஒரு புரதம் அதைப் பிடித்து, மோனோசைட், மேக்ரோபேஜ் போன்ற நோயெதிர்ப்புச் செல்களின் மேலுள்ள சிடி14 என்ற மூலக்கூறிடம் ஒப்படைக்கிறது. சிடி14 அதை எம்டி-2 என்ற சிறு புரதத்திடம் தருகிறது. எம்டி-2-இல் ஒரு பை போன்ற குழி இருக்கிறது. எண்டோடாக்சினின் கொழுப்புப் பகுதிக்கு ஈ.கோலையில் ஆறு வால்கள். ஐந்து வால்கள் குழிக்குள் போய்விடும். ஆறாவது வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்திலுள்ள இன்னொரு டிஎல்ஆர்-4-ஐத் தொடும். இரண்டு ஏற்பிகள் இப்படி ஜோடி சேர்ந்தால்தான் செல்லுக்குள் செய்தி போகும். வால்களின் எண்ணிக்கையை வைத்துப் பிழைக்கிற கிருமியும் இருக்கிறது. பிளேக் கிருமி மனித உடலின் வெப்பத்தில் பெரும்பாலும் நான்கு வால்களையே தயாரிக்கிறது, அதனால் டிஎல்ஆர்-4-இன் கண்ணில் படாமல் பெருகுகிறது. ஆறு வால்கள் இருக்கும்படி ஆய்வாளர்கள் மாற்றியமைத்த பிளேக் கிருமியால் எலிகளைக் கொல்ல முடியவில்லை. கண்ணில் பட்டதும் ஏற்பி தன் வேலையைச் செய்துவிட்டது.

செய்தி உள்ளே போனதும் டிஎன்எஃப், ஐஎல்-1, ஐஎல்-6 போன்ற சைட்டோகைன்கள், அதாவது அழற்சியைத் தூண்டும் தூதுப் புரதங்கள், வெளிவருகின்றன. தன்னார்வலர்களுக்கு நானோகிராம் கணக்கில் எண்டோடாக்சின் கொடுத்து நடந்த ஆய்வுகளில், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் டிஎன்எஃப் உச்சத்தைத் தொடுகிறது. நடுக்கம், தலைவலி, காய்ச்சல் எல்லாம் வருகின்றன. சில மணி நேரத்தில் தானாகவே அடங்கியும் விடுகிறது. ஓரிடத்தில் சிறு தொற்று என்றால் இந்த அழற்சி நன்மையே செய்கிறது: ரத்தக்குழாய் விரியும், சுவர் கசியும், கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்கள் அந்த இடத்துக்கு வந்து சேரும். உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் இது நடந்தால் எல்லாக் குழாய்களும் விரிகின்றன, எல்லா இடத்திலும் நீர் கசிகிறது, நுண்ணிய குழாய்களில் ரத்தம் உறைகிறது. அம்மாவுக்கு பிபி விழுந்தது இப்படித்தான்.

தன்னார்வலருக்குத் தானாக அடங்கியது எப்படி என்பதுதான் உங்கள் கேள்விக்கெல்லாம் மையம். நச்சைப் பார்த்துக் கொதிக்கிற அதே செல்லின் மேலேயே அதை அடக்குகிற ஏற்பிகளும் இருக்கின்றன. ஒன்றிரண்டு அல்ல, ஏராளம்.

டிஎல்ஆர்-4 தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. செய்தி அனுப்பிய சிறிது நேரத்தில் சிடி14 அதை நச்சோடு சேர்த்துச் செல்லுக்குள் இழுத்துவிடும். மேற்பரப்பில் இருந்தபோது போன செய்தி ஒருவிதம். உள்ளே போன பிறகு அனுப்புவது வேறுவிதம். அதில் இன்டர்ஃபெரான் என்ற இன்னொரு தூதுப் புரதத்துக்கான கட்டளையும், அழற்சியைக் குறைக்கும் ஐஎல்-10-க்கான கட்டளையும் உண்டு. அந்த ஐஎல்-10 வெளியே வந்து அதே செல்லின் மேலுள்ள ஐஎல்-10 ஏற்பியில் அமர்ந்து, டிஎன்எஃப் உற்பத்தியை நிறுத்தச் சொல்கிறது. ஐஎல்-10 இல்லாத எலிகள் மிகச் சிறிய அளவு எண்டோடாக்சினுக்கே செத்துவிடுகின்றன.

ஆர்பி105 என்ற ஏற்பி வெளித்தோற்றத்தில் டிஎல்ஆர்-4 போலவே இருக்கும், ஆனால் செய்தி அனுப்பும் உள்பகுதி அதற்குக் கிடையாது. மேக்ரோபேஜின் மேல் டிஎல்ஆர்-4-உம் எம்டி-2-உம் நச்சோடு சேராமல் தடுப்பது அதன் வேலை. டிஎன்எஃப்-இன் ஏற்பியைச் செல் தானே வெட்டி ரத்தத்தில் விடுகிறது. அது போகிற வழியில் டிஎன்எஃப்-ஐப் பிடித்துக்கொள்ளும். ஐஎல்-1-க்கும் இப்படி ஒரு போலி ஏற்பி உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தவை இன்னும் இரண்டு. திசு சேதமானால் செல்களிலிருந்து அவற்றின் எரிபொருளான ஏடிபி கசிந்து அடினோசினாக மாறும். நோயெதிர்ப்புச் செல்களின் மேலுள்ள ஏ2ஏ ஏற்பி அந்த அடினோசினை உணர்ந்து செல்லை அடக்குகிறது. அழற்சி செய்த சேதமே அழற்சியை நிறுத்தச் சொல்கிறது! 2001-இல் இந்த ஏற்பி இல்லாத எலிகளைச் சோதித்தபோது, மற்ற எலிகள் தாங்கிக்கொண்ட அளவுக்கே அவற்றின் திசுக்கள் பெரிதாகச் சேதமடைந்தன. இரண்டாவது மூளையோடு சம்பந்தப்பட்டது. மேக்ரோபேஜின் மேல் ஆல்ஃபா-7 என்ற நிகோட்டினிக் ஏற்பி இருக்கிறது. மூளையிலிருந்து உள்ளுறுப்புகளுக்குப் போகும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டால் கிடைக்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் அதில் அமர்ந்து டிஎன்எஃப்-ஐக் குறைக்கிறது. கெவின் டிரேசியின் குழு 2003-இல் இதைக் காட்டியது. நிகோட்டின் என்றதும் புகைப்பழக்கத்துக்கு இது சாக்கு ஆகிவிடக் கூடாது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

எரிகிறதை ஊதிவிடுகிற ஏற்பிகளும் உண்டு. நியூட்ரோஃபில், மோனோசைட் இரண்டின் மேலும் இருக்கும் டிரெம்-1, டிஎல்ஆர்-4 அனுப்பும் செய்தியைப் பெருக்குகிறது. ஆக, ஒரு செல் எவ்வளவு அழற்சியை உண்டாக்கும் என்பது நச்சின் அளவை மட்டும் பொறுத்ததல்ல. அந்த நேரத்தில் அதன் மேற்பரப்பில் எந்த ஏற்பி எவ்வளவு இருக்கிறது, எது உள்ளே இழுக்கப்பட்டுவிட்டது, எது வெட்டப்பட்டுவிட்டது என்பதையெல்லாம் பொறுத்தது. இரண்டு பேருக்கு ஒரே கிருமி வந்து, ஒருவர் மாத்திரையோடு தப்புவதற்கும் இன்னொருவர் ஐசியூ போவதற்கும் வயது, சர்க்கரை, தொற்று பரவிய அளவு இவற்றோடு இதுவும் காரணம்.

அதனால்தான் 'கூடியதா, குறைந்ததா' என்ற கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் இல்லை. முதல் நாள்களில் அம்மாவுக்கு அழற்சி அளவு மீறியது. அதன் பிறகு, சில சமயம் அதோடு சேர்ந்தே, அடக்கும் பக்கம் ஓங்கிவிடும். 1940-களில் பால் பீசன் முயல்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசியைத் திரும்பத் திரும்பச் செலுத்தியபோது, ஒவ்வொரு முறையும் காய்ச்சல் குறைந்துகொண்டே வந்தது. ஒருமுறை எண்டோடாக்சினைச் சந்தித்த மேக்ரோபேஜ், அடுத்த முறை மந்தமாகவே பதில் தருகிறது. செப்சிஸிலிருந்து மீள்பவர்களின் மோனோசைட்டுகளில் எச்எல்ஏ-டிஆர் என்ற மேற்பரப்பு மூலக்கூறு குறைந்திருப்பதைப் பார்க்கிறோம். கிருமியின் துண்டுகளை டி-செல்கள் என்ற வேறு வகை நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்ட உதவுவது அதுதான். இந்தக் காலத்தில் புதிய தொற்றுகள் எளிதாக வரும்.

'அப்படியானால் இப்போதாவது எதிர்ப்பு சக்தியைக் கூட்டலாமே' என்று கேட்பீர்கள். எதைக் கூட்டுவது? டிஎல்ஆர்-4-ஐயா, ஐஎல்-10 ஏற்பியையா, டிரெம்-1-ஐயா? கடையில் விற்கும் எந்த மாத்திரையும் அதைத் தேர்ந்து செய்வதில்லை. மந்தமான மோனோசைட்டை எழுப்பும் மருந்துகளை ஆய்வுகளில், ரத்தப் பரிசோதனையோடு, முயன்று பார்த்திருக்கிறார்கள். வழக்கமான சிகிச்சையில் அவை இன்னும் இல்லை. பூஸ்டர் என்ற பெயரில் வருகிற கலவைகள் அம்மாவின் சர்க்கரை மருந்தோடும் சிறுநீரகத்தோடும் மோதும் வாய்ப்புதான் அதிகம். சோர்வுக்கு நல்ல புரத உணவு, மெதுவாகக் கூட்டும் நடை, போதுமான தூக்கம். வாரங்கள் அல்ல, மாதங்கள் பிடிக்கும்.

அடைக்கும் மருந்து? செய்து பார்த்துவிட்டார்கள். எரிடோரான் என்ற மருந்து எம்டி-2-இன் குழியில் எண்டோடாக்சினுக்குப் பதிலாக உட்கார்ந்துகொள்ளும், ஆனால் செய்தி அனுப்பாது. அழகான வடிவமைப்பு. கிட்டத்தட்ட 2,000 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013-இல் வந்தது: 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் சுமார் 28 சதவீதம், பெறாதவர்களில் சுமார் 27 சதவீதம். பயனில்லை. அதற்கும் முன், 1996-இல், டிஎன்எஃப்-ஐப் பிடித்துக்கொள்ளும் செயற்கை ஏற்பி ஒன்றைக் கொடுத்த ஆய்வில், அதிக அளவு பெற்றவர்களிடம் மரணம் கூடவே செய்தது.

நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது அந்த முதல் செய்தி போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கும். எல்லா செப்சிஸுக்கும் எண்டோடாக்சினும் காரணமல்ல. நல்ல எதிர்வினையையும் சேர்த்து அடைத்தால் அந்த எலியின் கதிதான். மனிதரிலும் இதற்குச் சாட்சி உண்டு: டிஎல்ஆர் குடும்பத்தின் செய்தியைக் கடத்தும் மைடி88 அல்லது ஐராக்-4 புரதம் பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ், ஸ்டாஃபைலோகாக்கஸ் தொற்றுகள் உயிரையே பறிக்கும் அளவுக்கு வருகின்றன, காய்ச்சல்கூடச் சரியாக வராததால் கண்டுபிடிப்பதும் தாமதமாகிறது. இன்று நம்மிடம் இருப்பது விரைவான ஆன்டிபயாட்டிக், திரவம், பிபியை ஏற்றும் மருந்து, தேவைப்பட்டால் குறைந்த அளவு ஹைட்ரோகார்டிசோன். இந்தக் கடைசி மருந்து அழற்சியைப் பொதுவாகத் தணிக்கிறது, பிபி விழுந்த அதிர்ச்சி (ஷாக்) நிலையிலிருந்து சீக்கிரம் மீள உதவுகிறது.

எல்லா நச்சும் டிஎல்ஆர்-4 வழியே வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இணையத்தில் தேடினால் குழப்பம் வரும். ஸ்டாஃபைலோகாக்கஸின் சூப்பர்ஆன்டிஜென் நச்சுகள் டி-செல் ஏற்பியையும் எதிரே நிற்கும் செல்லில் கிருமித் துண்டுகளைக் காட்டும் எம்எச்சி மூலக்கூறையும் பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்து, ஐந்தில் ஒரு டி-செல் வரை தூண்டிவிடக்கூடியவை. சாதாரணத் தொற்றில் பத்தாயிரத்தில் ஒன்றுகூடத் தூண்டப்படாது. அதே கிருமியின் இன்னொரு நச்சு, நியூட்ரோஃபிலின் மேலுள்ள சி5ஏ ஏற்பியைப் பிடித்துக்கொண்டு செல்லையே துளைத்துவிடும். கிருமி இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் ஏற்பிதான் அது. அம்மாவுக்கு இவை எதுவும் இல்லை.

உங்களுக்கு வருமா? டிஎல்ஆர்-4 மரபணுவில் சிறு வேறுபாடுகள் பலரிடம் உண்டு. ஆனால் அவற்றை வைத்து யாருக்கு செப்சிஸ் வரும் என்று கணிக்க முடியாது. அந்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அம்மாவுக்கு வந்ததற்குச் சர்க்கரையும் சிறுநீர்ப் பாதையும் மிக நேரடியான காரணங்கள். சிறுநீர் முழுதாக வெளியேறுகிறதா, கல் ஏதும் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ளூ, நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று கேளுங்கள். எப்போது போடலாம் என்பதை அவர் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அடுத்த சில மாதங்களுக்குக் காய்ச்சலை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மந்தமான செல்கள், வயது, இரண்டும் சேர்ந்தால் காய்ச்சல் இல்லாமலேயே தொற்று முற்றலாம். மூச்சு வேகமாக வாங்குவது, திடீர்க் குழப்பமான பேச்சு, சிறுநீர் வெகுவாகக் குறைவது, கைகால் சில்லிட்டுத் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுவது, எழுந்தால் தலை சுற்றி விழுவது: இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும், ஈ.கோலைக்கு எந்த மருந்து வேலை செய்தது என்று காட்டும் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரிடம் முதல் வாக்கியமாகவே, 'இவருக்கு முன்பு செப்சிஸ் வந்து ஐசியூவில் இருந்தார்' என்று சொல்லுங்கள்.